பாத்திரம் இழுத்த லேத்: பழைய ஸ்பின்னிங் லேத்தை இனம் கண்டு ஓட வைப்பது

சுற்றும் தகட்டைத் தள்ளிப் பாத்திரமாக்குகிற ஸ்பின்னிங் லேத் என்று நம்பி நான் முதலில் வாங்கி வந்தது மரம் கடைகிற லேத். ஐடிஐயில் டர்னர் படித்து, இருபத்தேழு வருடம் கடைசல் பட்டறையில் நின்றவன் நான். லேத் என்றால் எனக்குத் தெரியாதா என்கிற மிதப்பு. பழைய இரும்புக் கடைக்காரர் “பாத்திரம் இழுத்த மிஷினுங்க” என்றார். பார்த்தேன். வெட்டுளியைச் சுமந்து ஓடும் சேடில் இல்லை, அதை நகர்த்தும் நீளத் திருகான லீடு ஸ்க்ரூ இல்லை, கியர் பாக்ஸ் இல்லை. அப்படியானால் ஸ்பின்னிங் லேத்தான் என்று முடிவு கட்டி, வண்டி பேசி, பாத்திரத்துக்குப் பேர்போன எங்கள் திருப்பூர் அனுப்பர்பாளையத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருடம் பித்தளை வட்டை அச்சில் வைத்து இழுத்தவர். வந்து பார்த்தார். கருவியைச் சாத்தும் கட்டையான டூல் ரெஸ்ட் மேல் கையை வைத்துத் தடவினார். “ஏந் தம்பி, இதுல ஓட்டையே இல்லீயே. ராடை எதுல சாத்தித் தள்ளுவ?” என்றார். அவ்வளவுதான், என் பணம் போனது புரிந்துவிட்டது.

அதன் பிறகு 2019-இல் மூடிக்கிடந்த ஒரு பாத்திரப் பட்டறையிலிருந்து உண்மையான ஸ்பின்னிங் லேத் ஒன்று கிடைத்தது. இரும்பு விலைக்குத்தான் கொடுத்தார்கள்: கிலோ 32 ரூபாய், எடை 420 கிலோ. அதை ஓட வைக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதில் ஒரு மாதத்தையும் கொஞ்சம் பணத்தையும் வீணாக்கினேன், அதையும் சொல்கிறேன்.

இந்த எந்திரம் எதற்கு என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண லேத் இரும்பை வெட்டும். ஸ்பின்னிங் லேத் வெட்டாது. பாத்திரத்தின் உள்வடிவத்தில் கடைந்த ஒரு அச்சை, லேத்தில் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலில் மாட்டுகிறோம். அதன் முகத்தில் வட்டமாக வெட்டிய தகட்டை வைத்து, எதிரே நிற்கும் டெயில் ஸ்டாக்கால் அழுத்திப் பிடிக்கிறோம். இரண்டும் சேர்ந்து சுற்றும்போது, முனை மழுங்கலாகப் பளபளக்கும் ஒரு நீளக் கம்பியால் தகட்டைத் தள்ளித் தள்ளி அச்சின் மேல் படிய வைக்கிறோம். கம்பியின் கைப்பிடி அக்குளுக்குள் இருக்கும், தள்ளுவது கை இல்லை, உடம்பு. அந்த அழுத்தம் முழுவதையும் ஸ்பிண்டிலும் டெயில் ஸ்டாக்கும் டூல் ரெஸ்ட்டும்தான் வாங்குகின்றன. இனம் காண்பதற்கும் சரி, காசு செலவழிப்பதற்கும் சரி, “இது தள்ளுற மிஷின்” என்ற ஒரு நினைப்பு போதும்.

எதைப் பார்த்து இனம் காண்பது

பெயர்ப்பலகையைத் தேடாதீர்கள். நம் பக்கத்துப் பட்டறைகளில் கிடைப்பவற்றில் பலவும் உள்ளூர் வார்ப்படச் சாலையில் ஊற்றி, உள்ளூரிலேயே கடைந்து பூட்டியவை. பெயர் எதுவும் இருக்காது. வெளிநாட்டில் ஜெர்மனியின் ஆலன் நகரத்து லைஃபெல்ட் 1891-இலிருந்து இருக்கிற கம்பெனி, ஸ்பின்னிங் எந்திரத்துக்கே பெயர் போனது. நியூயார்க்கில் ப்ரைபில் என்றொரு கம்பெனி இருந்தது, அது மர லேத்தும் செய்தது, ஸ்பின்னிங் லேத்தும் செய்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டும் ஒரே வார்ப்படச் சாலையில் பிறந்த அண்ணன் தம்பி மாதிரி. என்னைப் போல ஏமாறுவதற்குக் காரணம் அதுதான்.

முதல் அடையாளம் பெரியவர் சொன்னதுதான். ஸ்பின்னிங் லேத்தின் டூல் ரெஸ்ட் தடித்த இரும்புக் கட்டையாக இருக்கும், அதன் மேல்பக்கத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒரு துளையில் முளையைச் செருகி, அந்த முளையில் கம்பியைச் சாத்தி நெம்புவார்கள். தகடு படியப் படிய முளையை அடுத்தடுத்த துளைக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். மர லேத்தின் ரெஸ்ட்டில் துளை இருக்காது. உளி வழுக்கிப் போவதற்காக மேல்விளிம்பு மழமழவென்று சாய்வாக இருக்கும்.

அடுத்தது டெயில் ஸ்டாக். மர லேத்தில் கூரான சென்டர் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். ஸ்பின்னிங் லேத்தில் அதன் முனை தகட்டோடு சேர்ந்து சுற்ற வேண்டும். அதனால் உள்ளே பேரிங் வைத்த சுழலும் தலை இருக்கும். அதன் நுனியில் தட்டையான கட்டை ஒன்றை மாட்டித் தகட்டை அழுத்துவார்கள். டெயில் ஸ்டாக் மொத்தமே உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை மாதிரி கனமாக இருந்தால் நல்ல அறிகுறி. பெரிய கைச்சக்கரமோ, சட்டென்று இறுக்க ஒரு நெம்புகோலோ இருக்கும்.

மூன்றாவது, ஸ்பிண்டிலின் பின்முனை. டெயில் ஸ்டாக்கிலிருந்து வரும் அழுத்தம் ஸ்பிண்டிலை இடது பக்கமாகத் தள்ளும். அதைத் தாங்க பின்பக்கத்தில் ஏதாவது ஏற்பாடு இருந்தே ஆகவேண்டும். தடித்த ஒரு திருகு ஸ்பிண்டிலின் பின்முனையை முட்டிக்கொண்டிருக்கலாம், த்ரஸ்ட் பேரிங் இருக்கலாம். இரண்டும் இல்லாமல், தண்டைச் சுற்றிப் பிடிக்கும் உறையான புஷ் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு ஏமாற்று வேலையும் நடக்கிறது. சேடிலும் கியரும் தனியாக விற்றுப்போன சாதாரண லேத்தின் மிச்சத்தை ஸ்பின்னிங் லேத் என்று தலையில் கட்டுவார்கள். பெட், அதாவது எல்லாம் உட்காரும் நீள அடிச்சட்டத்தின் முன்பக்கம், மேல்விளிம்புக்குக் கீழே குனிந்து பாருங்கள். பல்வரிசையோ, அதைப் பூட்டியிருந்த மரைத் துளைகளோ, லீடு ஸ்க்ரூவைத் தாங்கிய பிராக்கெட்டின் துளைகளோ தெரிந்தால் அது பஞ்சாபின் பட்டாலா பக்கமோ வேறு எங்கேயோ செய்த பெல்ட் லேத். அதையும் ஸ்பின்னிங்குக்கு மாற்றலாம், தப்பில்லை. ஆனால் அதற்குரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

ஸ்பிண்டில் மூக்கின், அதாவது அச்சு ஏறும் முன்முனையின் மரையை அளந்துவிடுவது நல்லது, ஏனென்றால் இனிமேல் செய்யப்போகும் ஒவ்வொரு அச்சும் அந்த மரையில்தான் ஏற வேண்டும். வெளிவிட்டத்தை வெர்னியரில் எடுங்கள். பிறகு ஒரு அங்குலத்துக்குள் எத்தனை புரி என்று எண்ணுங்கள். ஒன்றரை அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 6 புரி என்றால் பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரை, கோணம் 55 டிகிரி. அதே ஒன்றரை அங்குலத்தில் 8 புரி இருந்தால் அமெரிக்க லேத்துகளில் அதிகம் காணும் வகை, கோணம் 60 டிகிரி. டெயில் ஸ்டாக் குழலின் கூம்புத் துளை வாயையும் அளங்கள். 17.8 மில்லி அளவில் இருந்தால் மோர்ஸ் டேப்பர் 2, 23.8 இருந்தால் மோர்ஸ் டேப்பர் 3. என்னுடையது விட்வொர்த் ஒன்றரை அங்குலமும் மோர்ஸ் 3-உம்.

பணம் கொடுக்கும் முன்

போகும்போது நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜ், சின்னச் சுத்தியல், கொஞ்சம் மண்ணெண்ணெய், சாக்பீஸ் ஒன்று எடுத்துப் போங்கள்.

வார்ப்பைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு கணீரென்று பேசும், விரிசல் விட்டது டொக்கென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, ஐந்து நிமிடம் விட்டு நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் பொடியில் ஊறிக் கோடாக வரும். ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட் ஸ்டாக்கின் பேரிங் தொப்பியைச் சுற்றியும், டூல் ரெஸ்ட் நிற்கும் அடிக்கட்டையிலும் கட்டாயம் பாருங்கள். பெட்டின் காலில் விரிசல் இருந்தால் பேரம் பேசலாம். பேரிங் உட்காரும் வார்ப்பில் இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஸ்பிண்டில் மூக்கில் டயலை வைத்துக் கையால் சுற்றுங்கள். வளைந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் மூக்கின் அடியில் மரச்சட்டம் கொடுத்து மேலே நெம்புங்கள். டயல் முள் எவ்வளவு நகர்கிறதோ அதுதான் பேரிங்கின் ஆட்டம். என்னுடையதில் 0.22 மில்லி இருந்தது. பயப்பட வேண்டாம், அது சரி செய்யக்கூடிய நோய். ஸ்பிண்டில் வளைவுதான் பெரிய நோய்.

பழக்கடை வண்டியில் ஏற்றுகிற மாதிரி நான்கு பேர் தூக்கி ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். ஹெட் ஸ்டாக்கையும் டெயில் ஸ்டாக்கையும் கழற்றித் தனியாகக் கொண்டு வந்தால் முதுகு பிழைக்கும். கழற்றும் முன் நாலு பக்கமும் போனில் படம் எடுத்துவிடுங்கள். இடைவெளிக்குச் செருகும் மெல்லிய ஷிம் தகடுகள் எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்று குறித்து, பக்கவாரியாகக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். நான் எழுதவில்லை, இரண்டு நாள் தலையைச் சொறிந்தேன்.

துரு

இறுகிப்போன போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து இரவு முழுக்க ஊற வைத்தாலே பாதி வழிக்கு வந்துவிடும். அடம் பிடிப்பதைச் சூடு காட்டித் திருகுங்கள். வார்ப்பு இரும்பை ஒரே இடத்தில் கடுமையாகச் சுட வைத்தால் வெடித்துவிடும், பரவலாக மெல்லச் சூடேற்ற வேண்டும். ஒயிட் மெட்டல் என்கிற மென்மையான உலோகக் கலவை ஊற்றிய பேரிங் பக்கத்தில் நெருப்பே வேண்டாம், அது 240 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும்.

சின்ன உறுப்புகளுக்கு நான் செய்தது சலவை சோடா வைத்தியம். சமையல் சோடா இல்லை, துணிக்குப் போடுகிற சோடா. பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் வாளித் தண்ணீருக்கு நான்கைந்து மேசைக்கரண்டி. துருப்பிடித்த உறுப்பில் பேட்டரி சார்ஜரின் மைனஸ், ஓரமாகத் தொங்கும் பழைய இரும்புத் தகட்டில் பிளஸ். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. 12 வோல்ட்டில் ஓர் இரவு போதும், காலையில் துரு கறுப்புச் சேறாக மாறி பிரஷுக்கு உதிர்ந்துவிடும். புது மாடல் சார்ஜர்களில் சில, பேட்டரி கோக்காமல் கரன்ட் விடாது. பழைய டிரான்ஸ்பார்மர் வகைதான் இதற்குத் தோது.

இரண்டு எச்சரிக்கை. பிளஸ் பக்கம் எவர்சில்வர் தகட்டைத் தொங்கவிடாதீர்கள். பாத்திர ஊரில் எவர்சில்வர் துண்டுக்குப் பஞ்சமே இல்லை, கை தானாக அதற்குத்தான் போகும். ஆனால் அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் கரையும். இன்னொன்று, வாளியிலிருந்து வரும் குமிழியில் ஹைட்ரஜன் இருக்கிறது. திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி பற்ற வைக்காதீர்கள்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைக் கிளப்பாமல், ஈரம் பண்ணிச் சுரண்டுங்கள். புதுப் பெயின்ட் என்ன நிறம் என்பதெல்லாம் உங்கள் விருப்பம். நான் பச்சை அடித்தேன்.

ஹெட் ஸ்டாக்

காசையும் பொறுமையையும் இங்கேதான் கொட்ட வேண்டும்.

என் லேத்தில் முன்பக்கம் இரண்டாகப் பிளந்த கன்மெட்டல் (செம்புக் கலவை) புஷ். மேலே தொப்பி, இரண்டு பக்கமும் ஷிம் தகடுகள். ஸ்பிண்டில் அந்த இடத்தில் இரண்டு அங்குலம். இப்படிப்பட்ட புஷ்ஷுக்கு விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி கணக்கு. அதாவது எனக்கு இரண்டு தௌ, மில்லியில் சொன்னால் 0.05. இருந்ததோ 0.22. ஷிம்மை இரண்டு பக்கமும் சமமாகக் குறைத்துத் தொப்பியை இறக்கினால் ஆட்டம் போய்விடும். ஆனால் துளை முட்டை வடிவமாகிவிடும், மேலும் கீழும் பிடிக்கும், பக்கத்தில் ஆடும். அதனால் ஸ்பிண்டிலில் உரசும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம் தடவி, உட்கார வைத்துச் சுற்றி, புஷ்ஷில் நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் ஸ்கிரேப்பரால் சீவ வேண்டும். மறுபடி நீலம், மறுபடி சீவல். எனக்கு நான்கு மாலைகள் பிடித்தன. புஷ்ஷின் பரப்பில் முக்கால்வாசி இடத்தில் பொட்டுப் பொட்டாக நீலம் விழுந்ததும் நிறுத்திவிட்டேன். கடைசியில் டயலில் 0.06 காட்டியது. அதோடு விட்டேன். இன்னும் ஒரு நூலளவு என்று சீவிக்கொண்டே போனால் புஷ்தான் தீரும்.

ஸ்பிண்டில் ஓடும் இடத்தில் கீறல் இருந்தால் எண்ணெய் தொட்ட 400 நம்பர், பிறகு 600 நம்பர் எமரித் துணியை நாடா மாதிரிக் கிழித்துச் சுற்றி இழுங்கள். விரல் நகம் தட்டாத அளவுக்கு வந்தால் போதும்.

பின்பக்கம்தான் உண்மையான நோய் இருந்தது. ஸ்பிண்டிலின் பின்முனைக்கும் த்ரஸ்ட் திருகுக்கும் நடுவில் ஒரு எஃகு உருண்டை. எத்தனையோ வருடத் தள்ளலில் அது இரண்டு பக்கமும் குழி பறித்து வைத்திருந்தது. நல்லவேளை, ஸ்பிண்டில் பின்னால் போகும்போது படி வைத்து 30 மில்லிக்குக் குறைகிறது. அந்தப் படியில் முட்டி நிற்கிற மாதிரி 51106 த்ரஸ்ட் பேரிங்கை மாட்டி, அது உட்கார ஒரு வீடு கடைந்து பின்புற வார்ப்பில் நான்கு போல்ட் போட்டேன். 30 மில்லி துளை, 47 மில்லி வெளிவிட்டம், 11 மில்லி தடிமன். கடையில் கேட்டவுடன் கிடைக்கிற நம்பர்.

இந்தப் பேரிங்கை மாட்டும்போது ஒன்று கவனியுங்கள். இரண்டு வளையமும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும். ஆனால் ஒன்றின் துளை ஸ்பிண்டிலைக் கச்சிதமாகப் பிடிக்கும், மற்றதன் துளை கொஞ்சம் பெரிது. கச்சிதமானது ஸ்பிண்டிலின் படியோடு சுற்ற வேண்டும். பெரிய துளைக்காரன் வீட்டோடு நிற்க வேண்டும். மாற்றிப் போட்டால் நிற்க வேண்டியது ஸ்பிண்டிலை உரசிக்கொண்டே இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் பழைய ஆள்கள் செய்த ஏற்பாட்டை மாற்றாதீர்கள். எண்ணெய்க்குப் போட்ட கன்மெட்டல் புஷ்ஷில் கிரீஸை அடைத்தால் அது உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும். என் லேத்தில் தொப்பி மேல் ஒரு கிண்ணம், அதில் ஒரு குழாய், குழாய்க்குள் தொங்கும் கம்பளி நூல் திரி. விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுகிற மாதிரி இது மேலேறி உள்ளே சொட்டும். புதுத் திரி போட்டு 68 கிரேடு எண்ணெய் ஊற்றினேன். வேலை முடிந்ததும் திரியைத் தூக்கி வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிண்ணம் காலி, தரையெல்லாம் எண்ணெய்.

ஓட்டிப் பார்க்கும்போது அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பேரிங் தொப்பியில் கை வையுங்கள். இதமான சூடு சரி. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் நிறுத்தி, ஒரு மெல்லிய ஷிம்மைத் திரும்பப் போடுங்கள்.

டெயில் ஸ்டாக்கும் ரெஸ்ட்டும்

சுழலும் தலைக்குள் இருந்த பேரிங்குகள் கையில் எடுத்தபோது உதிர்ந்தன. உள்ளே இரண்டு வேலை நடக்கிறது: நேரே பிடிப்பது ஒன்று, அழுத்தத்தைத் தாங்குவது இன்னொன்று. அதனால் 6205 பால் பேரிங் ஒன்றும், 51105 த்ரஸ்ட் ஒன்றும் போட்டேன். இரண்டுக்கும் 25 மில்லி துளை என்பதால் ஒரே தண்டு போதும். இதற்குக் கிரீஸ்தான்.

ஸ்பிண்டிலில் ஒரு கூர்முனை, டெயில் ஸ்டாக்கில் ஒரு கூர்முனை மாட்டி இரண்டையும் நெருக்கிப் பாருங்கள். நுனியும் நுனியும் சந்திக்க வேண்டும். விலகியிருந்தால் டெயில் ஸ்டாக்கின் அடியில் தகடு கொடுத்து ஏற்றுங்கள். இங்கே தௌ கணக்குப் பார்க்கத் தேவையில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் தகடு நடுவில் நிற்கும்.

ரெஸ்ட்டின் துளைகள் நெம்பி நெம்பி முட்டையாகியிருந்தன. ஒவ்வொன்றையும் அடுத்த அளவுக்குத் துளைத்து, 12 மில்லியில் புது முளைகள் செய்தேன். சாதாரண கம்பியில் செய்தால் வளைந்துவிடும். 8.8 கிரேடு போல்ட்டின் மரை இல்லாத பகுதியை அறுத்து எடுத்தால் அருமையான முளை.

பெட்

என் டர்னர் புத்தி என்னைக் கெடுத்த இடம் இது. பெட்டில் நடுவில் தேய்மானம் இருந்தது. சாதாரண லேத்தில் அந்தப் பாதையில்தான் சேடில் ஓடும், தேய்ந்தால் கடைசல் கூம்பாகிவிடும். அதனால் உடனே கிரைண்டிங்குக்கு அனுப்பினேன். ஒன்பதாயிரம் ரூபாய், ஒரு மாதக் காத்திருப்பு. கண்ணாடி மாதிரி வந்தது. பெரியவர் பார்த்துவிட்டு, “இதுல முகம் பாத்துக்கலாம், வேறென்ன பண்ணப் போற?” என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம்தான். ஸ்பின்னிங் லேத்தின் பெட்டில் எதுவும் ஓடுவதில்லை. டெயில் ஸ்டாக்கையும் ரெஸ்ட்டையும் வேண்டிய இடத்தில் நகர்த்தி இறுக்குகிறோம், முடிந்தது. அடியில் இறுக்கும் போல்ட் பலமாக இருக்கிறதா, இறுக்கினால் உண்மையிலேயே அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். துருவைத் தேய்த்து எண்ணெய் தடவுங்கள். அதற்கு மேல் பெட்டுக்கு ஒரு பைசா வேண்டாம். அந்த ஒன்பதாயிரத்தைத் தரையில் போட்டிருக்கலாம்: காலுக்கு நாலு ஆங்கர் போல்ட், கீழே அரை அடி கான்கிரீட். உடம்பை வைத்துத் தள்ளும்போது எந்திரம் நகர்ந்தால் எதுவும் உருப்படாது. ஸ்பிண்டிலின் மையம் உங்கள் முழங்கை உயரத்துக்கு வரவேண்டும் என்பதையும் கான்கிரீட் போடும்போதே பார்த்துவிடுங்கள்.

மோட்டாரும் திசையும்

என்னிடம் இருந்தது 2 எச்பி மூன்று பேஸ் மோட்டார், 1440 சுற்று. வீட்டில் ஒற்றைப் பேஸ்தான் என்பதால், அதை மூன்று பேஸாக மாற்றித் தரும் விஎஃப்டி ஒன்று வைத்தேன். 230 வோல்ட் ஒற்றைப் பேஸ் வாங்கும் விஎஃப்டி வெளியேயும் 230 வோல்ட்தான் கொடுக்கும். அதனால் மோட்டாரின் வயர் இணைப்பை ஸ்டார் முறையிலிருந்து டெல்டா முறைக்கு மாற்றிக் கோக்க வேண்டும். சில மோட்டார்களில் மூன்று வயர் மட்டுமே வெளியே வந்திருக்கும். அதைப் பிரித்து ஆறாக்குவது வைண்டிங் கடைக்காரர் வேலை, நாம் கை வைக்க வேண்டாம்.

பழைய படிப் புல்லியை நான் எடுக்கவில்லை. மோட்டாரில் 4 அங்குலம், மேலே இடைத்தண்டான கவுன்ட்டர் ஷாஃப்ட்டில் 8 அங்குலம், அங்கே 720 சுற்று. அதிலிருந்து 9, 7, 5 படிகள், எதிரே ஸ்பிண்டிலில் 5, 7, 9. ஆக ஸ்பிண்டிலுக்கு ஏறக்குறைய 1300, 720, 400 என்று மூன்று வேகம். எதிரெதிர்ப் படிகளைக் கூட்டினால் எல்லாமே 14 வரும், அதனால் ஒரே பட்டை பெல்ட் மூன்றுக்கும் பொருந்துகிறது. பெல்ட்டுக்கு ஒரு நன்மை உண்டு: ஏதாவது சிக்கினால் வழுக்கிவிடும், கையைக் காப்பாற்றும். பெல்ட்டுக்கு வலை மூடி போட்டுவிடுங்கள்.

இப்போது திசை. ரெஸ்ட் பக்கம் நிற்கும்போது அச்சின் மேல்பாகம் உங்களை நோக்கி வந்து கீழே இறங்க வேண்டும். அந்தத் திசையில்தான் மூக்கின் மரை அச்சை இறுக்கும். நான் அவசரத்தில் திசை பார்க்காமல், வேங்கைக் கட்டையில் கடைந்த அச்சை மாட்டி சுவிட்சைப் போட்டேன். பேஸ் மாறியிருந்தது. அச்சு தானாகவே மரையைக் கழற்றிக்கொண்டு குதித்து, சுவரோரம் இருந்த தண்ணீர்க் குடத்தை நெளித்துவிட்டுத்தான் நின்றது. யார் காலிலும் விழவில்லை. வெறும் ஸ்பிண்டிலை ஓட்டித் திசை பார்த்துவிட்டு அச்சை மாட்டுங்கள். விஎஃப்டியில் திருப்பி ஓட்டும் பட்டனையும் அடைத்துவிடுங்கள். சட்டென்று பிரேக் போட்டாலும் இதே கதைதான், கனமான அச்சு ஓடிய வேகத்தில் கழன்றுவிடும். நிற்பதற்குப் பத்து நொடி கொடுத்து வைத்திருக்கிறேன்.

முதல் கிண்ணம்

ஓட வைத்தது சரிதானா என்பதை அலுமினியம் சொல்லும். முதல் சோதனைக்கு எவர்சில்வரைத் தொடாதீர்கள். 20 கேஜ் அலுமினியத்தில், அதாவது 0.9 மில்லி தடிமனில், எட்டு அங்குல வட்டு. வாய் ஆறு அங்குலம், ஆழம் இரண்டு அங்குலக் கிண்ணத்துக்கு அது போதும். வாய் அகலத்தோடு ஆழத்தைக் கூட்டு என்பது பெரியவர் கணக்கு, விளிம்பு வெட்டக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

தகடு விறைப்பாக இருந்தால் பதப்படுத்த வேண்டும். அலுமினியம் சிவக்காமலேயே உருகிவிடும், கண்ணால் கணிக்க முடியாது. சோப்புக் கட்டியால் மேலே கோடு போட்டுச் சூடு காட்டுங்கள். கோடு கறுத்ததும் நெருப்பை எடுத்துவிடலாம். பிறகு அச்சில் வைத்து இறுக்கி, 720 வேகத்தில் ஓட்டி, தகட்டில் சோப்பையோ மெழுகையோ தேய்த்து, நடுவிலிருந்து வெளியே நோக்கிக் கம்பியை ஓட்டுங்கள். ஒரே தள்ளலில் படிய வைக்கப் பார்த்தால் விளிம்பு பாவாடை மாதிரிச் சுருங்கும். போய் வருவதாகப் பல தடவை தடவ வேண்டும்.

சுற்றும் தகட்டின் விளிம்பு கத்தி. அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. கையுறை வேண்டாம், துண்டு வேண்டாம், கைலி கட்டிக்கொண்டு நிற்கவே கூடாது. கண்ணாடி மட்டும் கட்டாயம்.

கேட்கும் சத்தத்தில் நோய் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்றால் அச்சு ஆடுகிறது, ஸ்பிண்டில் தப்பில்லை. தள்ளும்போது மட்டும் உறுமினால் த்ரஸ்ட் பேரிங்கைப் பாருங்கள். தகட்டின் மேல் அலை அலையாக வரி விழுந்தால் ரெஸ்ட் எங்கோ இறுகவில்லை. எனக்கு முதலில் வரி விழுந்தது, ரெஸ்ட்டின் அடிப் போல்ட்டில் வாஷர் தேய்ந்திருந்தது. மாற்றியதும் மூன்றாவது கிண்ணம் வரியில்லாமல் வந்தது.

பெரியவர் அதை வாங்கி, விரலால் சுண்டிக் கேட்டு, உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தார். “அடி கொஞ்சம் மெலிஞ்சிருச்சு, அங்க அழுத்தமா தள்ளீட்ட” என்றார். பிறகு கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “அடுத்த வட்டை வை” என்று லேத் முன்னால் போய் நின்றுகொண்டார்.